அறுபத்தாறு என்று எழுதிய சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். பெற்ற அப்பாவிடம் மறைத்ததை எழுதக் கை வரவில்லை. போன வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கேற்றி, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் தாயே என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் எங்கள் வீடு. எனக்குப் பதினைந்து வயது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். அம்மா இடுப்பு வலியால் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தி வீட்டோடு இருந்தாள். அப்பா நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி குடிப்பார். மலை ஏறும்போது அவருக்கு முன்னால் அவர் இருமல் ஏறும்.

ஒரு ஞாயிறு தோட்டத்து டிஸ்பென்சரியில் நெஞ்சுப் பரிசோதனை நடந்தது. யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒரு குழாயை நீட்டி, "நல்லா மூச்சை இழுத்து முழுசா ஊதுங்கோ ஐயா" என்றார். பின்னால் நின்றவர்கள், "பீடிப் பொகதான் வரும், தள்ளி நில்லுங்க டொக்டரம்மா" என்று கேலி செய்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே ஊதினார். டொக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு நாற்பத்திரண்டு. உங்கட நுரையீரலுக்கு அறுபத்தாறு வயசு. பீடியை விடோணும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அப்பா காதில் விழுந்தது அறுபத்தாறு மட்டும்தான். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ ஒரு டொக்டர் ஆளைப் பார்த்து எழுதியதுதான் அவர் வயது. இப்போது மெஷின் வைத்து எழுதினால் தோட்டத்து ஆபீஸ் நம்பாமல் இருக்குமா? அறுபது தாண்டினால் பேரை வெட்டிவிடுவார்கள், அதோடு வேலை போச்சு. சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி, வயசைக் குறைக்க வேண்டுமென்று அன்றே பீடியை நிறுத்தினார்.

அடுத்த வாரம் டொக்டரம்மா திரும்ப வந்தபோது, அந்தச் சீட்டால் வேலை போகுமா என்று கேட்டுவர அம்மா என்னை அனுப்பினாள். "ஆபீசுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பிள்ளை" என்றார் அவர். ஓடிவந்து சொன்னேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

"வாயத் தொறக்காத. பத்து வருசமா நான் கெஞ்சி நிக்காத பீடி, ஒரு சீட்டுக்கு நின்னிருக்கு."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது பற்ற வைத்தால் அப்பா விலகிப் போய் நிற்பார். ஆபீசிலிருந்து ஆள் லயத்துப் பக்கம் வந்தால் அவர் முகம் வெளுத்துவிடும். கோயிலில் கண்ணை மூடினால் எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது.

இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. ரொட்டி தின்றுகொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடி விழும் என்று நினைத்தேன்.

"அப்ப பேர் வெட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"சரி. நீ போய்ப் பொஸ்தகத்த எடு."

அதற்குப் பிறகும் அவர் பீடியைத் தொடவில்லை.

வேலை போகுமென்று நடுங்கியவர், பயம் தீர்ந்ததும் ஏன் புத்தகத்தைப் பற்றிப் பேசினார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாதான் சொன்னாள். அப்பா பேரை வெட்டினால், நாங்கள் குடியிருந்த லயத்து அறையான காம்பராவைக் காப்பாற்ற வீட்டில் இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும். அம்மாவால் முடியாது. மிச்சம் நான்தான், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு.

வாசிக்கிறவர்கள் இதைப் பீடி, சிகரெட் குடிக்கிற யாருக்காவது சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாங்கள் மறைத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். என் தலையில் தொங்க இருந்த கொழுந்துக் கூடையை நினைத்துத்தான் அவர் அவ்வளவு பயந்தார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.