இரவல் பிள்ளைகள்

பள்ளிக்கூடக் கமிட்டியில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் நான் பேசமாட்டேன் என்பதுதான். எங்கள் தமிழர் தெருக்களிலிருந்தும் ஒரு பெற்றோர் கமிட்டியில் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து காகிதம் வந்திருந்தது. எங்கள் பபேடான் பேட்டையில் வாயுள்ள ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சயாமாஜி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; சயாமா என்றால் ஆசிரியை. வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தலையாட்டுறதுக்கு ஒரு ஆள் தேடியிருக்காங்க. சரியான ஆளத்தான் புடிச்சிருக்காங்க."

நான் துணிக்கடையில் அளந்து கிழித்துக் கொடுப்பவன். அதே பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். என் மகள் அப்போது அங்கே ஐந்தாம் வகுப்பில் இருந்தாள்.

கமிட்டியில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒரு பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தது. தலைநகர் நேபிடோவில் ஒருவர் நினைப்பார். அது காகிதமாகி டவுன்ஷிப் கல்வி ஆபீசுக்கு வரும். அங்கிருந்து சயாமாஜியின் மேசைக்கு வரும். சயாமாஜி எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். நாங்கள் சரி என்போம். சுண்ணாம்புக் கட்டி, பெஞ்சு ரிப்பேர், கூரைத் தகடு எல்லாம் தலைக் கணக்கில்தான் வரும். எத்தனை பிள்ளைகளோ அத்தனைக்கு. மற்றதெல்லாம் தர்மம். மின்விசிறியின் இறக்கைகளில்கூடக் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து தலைகள் குறைந்துகொண்டே வந்தன. சில பெற்றோர் கோபத்தில் அனுப்பவில்லை, சிலர் பயத்தில் அனுப்பவில்லை. ஆசிரியர்களில் பாதிப் பேர் அந்த வருஷமே வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கைது செய்வதற்காக அவர்களுடைய பெயர்ப் பட்டியல் வார்டு ஆபீசில் இருப்பதாகப் பேச்சு. மிஞ்சியவர்கள் பச்சைச் சீருடையைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து பள்ளிக்குள்ளே உடுத்திக்கொண்டார்கள். ராணுவத்துக்குத் துணைபோகிறவர்கள் என்று யாராவது தாக்கிவிடுவார்களோ என்று, அந்தப் பச்சையோடு தெருவில் நடக்க அவர்களுக்குத் துணிவில்லை. கேட்டருகே மணல் மூட்டை அடுக்கியிருந்தது. எதிரே தேநீர்க் கடையில் எப்போதும் யாராவது ஒருவர், குடித்து முடித்த கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு காகிதம் வந்தது. தலை எண்ண அதிகாரி வருகிறார். எண்ணிக்கை போதாவிட்டால் பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

கூட்டம் முடிந்து எழுந்தவனைச் சயாமாஜி நிறுத்தினார். பர்மியர், எங்களோடு பர்மிய மொழியில்தான் பேசுவார். என்னை அக்கோ, அதாவது அண்ணே, என்பார்.

"அக்கோ, கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நடக்குதாமே. சாவி உங்க கிட்டதானே?"

"ஆமா."

"பள்ளிக்கூடம் வராத பிள்ளைங்க அங்க எத்தனை பேர்?"

நான் விரல் விட்டு எண்ணினேன்.

"எட்டுப் பேரைக் கூட்டிட்டு வாங்க. திங்கக்கிழமை காலையில மட்டும். சீருடைச் சட்டையும் லோஞ்சிக் கைலியும் நான் தர்றேன். சாப்பிட மொஹிங்கா வாங்கிக் கொடுத்து அனுப்பிடலாம்."

இது புதிதல்ல. நான் படித்த காலத்திலேயே அதிகாரி வரும் நாளன்று லத்தா பேட்டைப் பள்ளியிலிருந்து உலக உருண்டை சைக்கா வண்டியில் ஏறி எங்கள் பள்ளிக்கு வரும். அவர் அந்தப் பள்ளிக்குப் போகும் நாளில் எங்கள் மைக்ராஸ்கோப்பு அங்கே போகும். பெஞ்சு போகும், வரைபடம் போகும். பிள்ளைகளும் போவார்கள். நானே ஒரு தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். வெல்லப் பணியாரம் கொடுத்தார்கள். இரவல் கொடுப்பதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. அதனால் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளைகள்தான் தேறினார்கள். அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன், சரி என்றார்கள். எட்டாவதாக ஒரு பத்து வயதுப் பெண் தானாக வந்து நின்றாள்.

"மாமா, நானும் வர்றேன். எனக்கும் பச்ச லோஞ்சி குடுப்பீங்களா?"

அந்தப் பெண்ணின் அம்மா முன்பு அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை. வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்றவர்களில் ஒருவர். கணவர் மலேசியாவில். அந்த அம்மா மகளோடு கோயிலுக்கு இரண்டு கட்டடம் தள்ளி நாலாவது மாடியில், வேறொருவர் பெயரில் எடுத்த அறையில் இருந்தார். வார்டு ஆபீசுக்குக் கொடுக்கும் வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

அன்றைக்கே நாலு மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். படி வரைக்கும் போனேன். தனியாக இருக்கும் பெண்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே என்று கூச்சமாக இருந்தது. அரை நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். "அம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்று பிள்ளையிடம் சொன்னதோடு என் கடமை முடிந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மழை. எட்டுப் பேர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அவர்களுக்குப் பின்கட்டில் உடை மாற்றிவிட்டு, "பேர் கேட்டா பேர மட்டும் சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்தப் பெண்ணை என் மகள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு தாழ்வாரத்தில் நின்றேன்.

அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். குரலை உயர்த்தவில்லை. தலைகளை எண்ணினார், பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். பிறகு சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் அங்கொருவரை இங்கொருவரை எழுப்பி, அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை என்று கேட்டார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து பதில் சொன்னார்கள். கடை, துறைமுகம், சமையல். மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார்.

"உங்க அம்மா?"

"எங்க அம்மா சயாமா."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்! பல நாளாக வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே விட்டதுபோல இருந்தது.

"அப்படியா? எந்தப் பள்ளிக்கூடம்?"

அவள் பெஞ்சில் உட்காரப் போனாள். அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"சரி, அம்மா பேர் என்ன?"

சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள். அதிகாரி பதிவேட்டில் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதில் எழுதிக்கொண்டார். சயாமாஜி கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றார். என் கையில் குடம் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மாடியும் ஏறினேன். கதவைத் திறந்ததும் நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா சத்தம் போடவில்லை.

"முழுப் பேரையுமா சொன்னா?"

"ஆமாம்மா."

"எழுதினத நீங்க கண்ணால பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன்."

கொடியில் காய்ந்த துணிகளின் பக்கம் திரும்பினார். பிறகு ஒவ்வொன்றாக இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பெஞ்ச நெறப்ப எம்புள்ள, நோட்ட நெறப்ப நானு. நல்ல பள்ளிக்கூடம் நடத்துறீங்க." சிரித்தார். சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. "காலையில ஒரு வார்த்த மேல வந்து கேட்டிருக்கலாமேண்ணே. நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

மகள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை லோஞ்சியை இன்னும் கழற்றவில்லை.

"எங்க போவீங்க?" என்று கேட்கப்போனவன் நிறுத்திக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்முன் அறை பூட்டிக் கிடந்தது.

நான் சயாமாஜியிடம் ஓடினேன். அந்தப் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா அக்கோ? ரெண்டு வருஷம் ஒரே அறையில உக்காந்து சாப்பிட்டிருக்கோம். அவங்க பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்."

"பேரை..."

"எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. எங்க போனாங்கன்னு அன்னிக்கே தேட ஆரம்பிப்பாங்க. பேர் இருக்கட்டும்."

பெயர் இருந்தது. தினமும் வகுப்பில் அந்தப் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று குறி விழுந்தது. பள்ளியின் எண்ணிக்கைக்காகவா, பழைய தோழிக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன். மாதக் கடைசியில் அந்தத் தாளில் கமிட்டி ஆள் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்துக் காகிதம் ஒன்று வந்தது. எங்கள் பள்ளியின் வருகை திருப்தியாக இருக்கிறதாம்.

அதிகாரி வந்துபோன ஒரு வாரத்துக்குள்ளேயே வார்டு ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தார். பிள்ளை தினமும் வருகிறாள், அம்மா மூன்றரைக்கு வந்து கூட்டிப் போவார் என்று சயாமாஜி சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பள்ளி விடும் நேரத்தில் அந்த ஆள் கேட்டருகே நிற்பார். என் வயதுதான் இருக்கும். குடை பிடித்த தாய்மார் ஒவ்வொருவர் முகத்தையும் குனிந்து பார்ப்பார். நானும் என் மகளுக்காக அங்கேதான் நிற்க வேண்டும். தினமும் பார்த்துப் பார்த்து அவர் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். வெற்றிலைச் சுருள் நீட்டினார். ஒரு நாள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சைச் சீருடையில், முகம் நிறையச் சிரிப்போடு இருந்த அந்த அம்மா.

"இவங்களைப் பாத்திருக்கீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

"வருவாங்க. பிள்ளை உள்ளதானே இருக்கு."

அவர் இங்கே நிற்கும் வரைக்கும் வேறெங்கும் தேடமாட்டார்கள் என்பது மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்கு அவர் அங்கே நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அவர் வருவதைக் கண்டாலே எனக்குப் பயம். ஆனாலும் வேண்டிக்கொண்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், நேரத்தோடே போய்விட்டாள் என்று சயாமாஜி நாளுக்கொன்று சொல்லி நாலாவது வாரம் வரை ஓட்டினார்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை அந்த ஆள் என்னிடம், "நாளைக்கு வகுப்புக்குள்ளேயே போய்ப் பாக்கச் சொல்லிட்டாங்க. எனக்கும் நின்னு நின்னு கால் வலிக்குது" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். சயாமாஜி பதிவேட்டை விரித்து அந்தப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பாராமலே கேட்டார்.

"உங்க மகளுக்கும் பத்து வயசுதானே அக்கோ?"

"ஆமா."

"நாளைக்கு ஒரு நாள், அந்தப் பேருக்கு எழுந்து நிக்கட்டும். பிள்ளை இருக்குன்னு பாத்தா திரும்பவும் வாசல்ல போய் நிப்பான். இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும்."

ஒரு காலைப் பொழுது. அதே பேச்சு. எட்டுப் பிள்ளைகளைக் கேட்ட அதே குரல். அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் என்றால் அது அவருக்கு எவ்வளவு என்பதும் தெரியும். ஆனால் அவன் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, 'வீட்டைக் காட்டு' என்றால்?

"மாட்டேன்" என்றேன்.

அந்த அறையில் நான் அதுவரை சொல்லாத சொல். சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். சயாமாஜி கோபப்படவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பேனாவைத் திறந்து, அந்தப் பெயருக்கு நேரே அன்றைய தேதியைப் போட்டு, 'ஊர் மாறிச் சென்றார்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்து காலியான இடத்தைப் பார்த்தார். நேற்றுவரை இருந்தவர்கள் என்று நம்பி அன்றைக்குத்தான் தேடக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டார்கள். கோயிலில் தமிழ் வகுப்பு நடந்த அறைக்கு அவர்கள் பூட்டு போட்டார்கள். அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நாலு வாரம் கிடைத்தது. அதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நல்ல செய்தியும் வரவில்லை, கெட்ட செய்தியும் வரவில்லை.

சயாமாஜியைக் குளிர்காலத்துக்கு முன்பே வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். விடைபெறும் கூட்டம்கூட நடக்கவில்லை. புதிதாக வந்தவர் இளவயது. மேசையில் எல்லாம் வரிசையாக இருக்கும். முதல் கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, அறிமுகமாகிக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"தெரியும், தெரியும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவர் நீங்கதானே?"

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினார்.