நான் உறை தைத்துப் போட்ட கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது கற்றுக்கொண்டுவிடுவேன். சைக்கிள் ஓட்டியது அப்படித்தான். நான் கீழே விழுவதைப் பார்க்கவே தெருவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவர்களுக்காகவே விழாமல் ஓட்டினேன். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டக் கற்றதும் கோபத்தில்தான்.

பட்டுப்புடவைக் கடையில் பத்தொன்பது வருடம் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்தவள் நான். விரிக்க உட்கார வேண்டும், அடுத்ததை எடுக்க எழ வேண்டும். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஐம்பது பார்த்துவிட்டு, "முதல்ல காட்டினதையே காட்டுங்க" என்பார்கள். என் முட்டி இரண்டும் அங்கேயே தேய்ந்துவிட்டன. மாடியில் டிசைன் அறையில் இருந்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகிறாள் என்று தெரிந்ததும், அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் வாய்விட்டே கேட்டேன். படி பதினாறுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினால் போதும்.

அந்தப் பெண் போவதற்குள் எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். திரையில் கட்டம் கட்டமாக டிசைன் வரைய வேண்டும். அதை பென் டிரைவில் போட்டு அனுப்பினால் அட்டை குத்துகிற இடத்தில் அதன்படி அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டை தறி மேல் ஏறும். நெசவாளர் மிதிக்க மிதிக்க, நான் வரைந்த அன்னம் புடவையில் வந்து நிற்கும். என் முதல் அன்னம் நெய்து வந்த அன்று அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்தது வரைவது மட்டும்தான். எதில் வரைகிறேன் என்று தெரியாது. திரைதான் கம்ப்யூட்டர், மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி அதற்குக் கரண்ட் கொடுக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் திரை இருண்டது. எங்கள் கடை கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் சென்னையில் இருக்கிறார். முப்பது வயதுக்காரர், காதிலிருந்து போனை எடுக்கவே மாட்டார். அவருக்குப் போன் போட்டேன்.

"சி.பி.யூ.ல லைட் எரியுதா அக்கா?"

நான் திரையைப் பார்த்து, "எரியலை" என்றேன்.

மறுநாள் பஸ் பிடித்து வந்தார். மேசைக்குப் பின்னால் கையை விட்டார், ஒரு ஒயரை அழுத்தினார், திரை வந்துவிட்டது. பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் தட்டி ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பு கீழே கடை வரைக்கும் கேட்டது. போகும்போது பெட்டியின் பக்கத் தகடும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். அதில் கொட்டை எழுத்தில் 'தொடாதே' என்று இருந்தது. "நீங்க வரையிறதோட இருங்க. எதையும் தொடாதீங்க அக்கா" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய கூத்து. எங்கள் தெருவில் தறி ஓடாத நேரத்தில் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் துணி போர்த்துவார்கள். தூசு படக் கூடாது. இந்த ஊரில் விலை உள்ள பொருள் எதுவும் திறந்து கிடக்காது. அந்தப் பழக்கத்தில் பெட்டிக்கு அளவெடுத்து, கெட்டித் துணியில் உறை தைத்து, ஓரத்துக்குச் சிவப்பு பைப்பிங் வைத்து மாட்டிவிட்டேன். வேலை செய்யும்போதும் கழற்றவில்லை. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது.

சென்னைக்காரர் மறுபடி வந்தார். என் உறையை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போல் தூக்கி, முதலாளி முகத்துக்கு நேரே காட்டினார்.

"இன்னா சார் இது? மூச்சே உட முடியாம சூடாயி நின்னுருக்குது. ஃபேன் ஓட்டையெல்லாம் மூடி வெச்சுக்கினு இருக்காங்க."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், கத்த மாட்டார். அவர் கத்தாமல் சொல்வதுதான் நம்மைக் கொல்லும். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மெட்ராஸ்லேர்ந்து ஆள் போட்டுக்கறேம்மா. நீ கீழ மெத்தைக்கே வந்துடு" என்றார்.

அன்று ஷேர் ஆட்டோவில் திருப்பருத்திக்குன்றத்தில் என் வீட்டுக்கு வந்து சேரும் வரை என் காது சுட்டுக்கொண்டே இருந்தது. மெத்தைக்குப் போக என் முட்டி தாங்காது. அது போகட்டும், என் அன்னங்களை யாரோ ஒருத்தன் வரைவதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

அடுத்த விடுமுறையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் கடைக்குப் போனேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. "செத்துப்போன கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும் பாய்" என்றேன்.

"எல்லாரும் உசுரோட இருக்கறதைத்தாம்மா கேப்பாங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வைத்தார். அங்கேயே தகட்டைக் கழற்றிப் பெயர் பெயராகக் கேட்டேன். அகலமான பச்சைப் பலகை மதர்போர்டு. கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா எஸ்.எம்.பி.எஸ். வரைந்ததையெல்லாம் சேர்த்து வைப்பது ஹார்டு டிஸ்க். சீப்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்பது ராம். ராமைத் துடைக்க நான் பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்தேன். பாய் பதறிப்போய் என் கையைத் தடுத்தார்.

"பட்டு வேணாம்மா! உரசினா கரண்ட் வரும், ராம் போயிடும். பென்சில் அழிக்கிற ரப்பர் போதும். தொடறதுக்கு முன்னாடி ஒயரைப் புடுங்கிடு, தகட்டை ஒரு தபா தொட்டுக்கோ."

காஞ்சிபுரத்தில் பட்டு ஆகாத இடமும் ஒன்று உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் கட்டில் மேல் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழற்றினேன், மாட்டினேன். முதல் வாரம் திருகாணிகளைத் தொலைத்துவிட்டுப் படுக்கையை உதறித் தேடினேன். சந்தேகம் வந்தால் போனில் வீடியோ பார்ப்பேன், அதுவும் பற்றாவிட்டால் பாய் கடை. கடையில் மேசைக்குப் பின்னால் குனிய என் முட்டி விடாது, அங்கே வெளிச்சமும் கிடையாது. அதனால் ஒயர்களைக் கண்ணை மூடிக்கொண்டே படித்தேன். இரண்டு பக்கமும் திருகு உள்ளது மானிட்டர் ஒயர். நுழையும்போது 'டிக்' என்று சொல்வது நெட் ஒயர். தட்டையாக இருப்பது மவுசுக்கும் கீபோர்டுக்கும். மூன்று துளை உள்ளது கரண்ட். கண்ணை மூடிக்கொண்டு ஜரிகையைத் தடவி அசலா போலியா என்று சொல்கிற விரல் இது, ஒயர் எம்மாத்திரம்?

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு கல்யாணப் புடவைக்கு ஒன்பது நாள் உட்கார்ந்து பார்டர் வரைந்து முடித்திருந்தேன். ஐயம்பேட்டையில் நெசவாளர் பாவு ஏற்றிவிட்டு அட்டைக்குக் காத்திருந்தார். பென் டிரைவில் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. காலையில் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று விடாமல் சத்தம்.

முதலாளி மேலே ஓடி வந்து சென்னைக்குப் போன் போட்டார். சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சென்னைக்காரர், "மதர்போர்டு போச்சு சார். நாளைக்குப் புதுசு எடுத்துக்கினு வரேன். அக்காவை எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டிசைனும் போச்சாம்மா?"

"டிசைன் ஹார்டு டிஸ்க்ல இருக்குதுங்க, அது எங்கயும் போவலை. இது மதர்போர்டு மாதிரியும் தெரியலை. நான் தொறந்து பார்க்கறேன்."

"தொறந்து கெடுத்துட்டா?"

"கெடுத்துட்டா நானே மெத்தைக்கு எறங்கிடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. பின்னால் கையை விட்டுத் தடவிக் கரண்ட் ஒயரைப் பிடுங்கி, பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்தேன். நூல் பிசிறு வெட்டுகிற பிளேடால் ஸ்டிக்கரை நடுவில் கிழித்தேன். திருகாணிகளைக் கழற்றிப் பொட்டு டப்பா மூடியில் போட்டேன். உள்ளே இரண்டு ராம். இரண்டையும் எடுத்து, ரப்பரால் துடைத்து, சொருகி, சுவிட்சைப் போட்டேன். பீப், பீப். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

நெசவில் இழை சிக்கினால் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கக் கூடாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு ராமை வெளியே எடுத்து வைத்தேன். இரண்டாவது மட்டும் உள்ளே. சுவிட்ச். மறுபடி பீப். அதை எடுத்துவிட்டு முதலாவதை மாட்டினேன், இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடித்தது. சுவிட்ச்.

சத்தமே இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு என் பார்டர் வந்தது, ஒரு அன்னம் குறையாமல்.

நான் கத்திய கத்தலில் கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த என் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. இது உன் எடம்."

பாதி ராமில் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. இருந்தாலும் மத்தியானத்துக்குள் பென் டிரைவ் அட்டை குத்துகிற இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் சென்னைக்காரர் புது மதர்போர்டு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். நான் அடுத்த புடவைக்கு யாளி வரைந்துகொண்டிருந்தேன். திரையைப் பார்த்தார், கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். கெட்டுப்போன ராமைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன், எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"போனது இதுதான் தம்பி. இதே அளவுல ஒண்ணு அனுப்பி வைங்க, நானே போட்டுக்கறேன்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மெதுவாகக் குனிந்து பெட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

"டீ வருது, உக்காந்து குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றேன், யாளியின் வாலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "எதையும் தொடாதீங்க."