மருமகன் வைத்த சோதனை

ஓய்வு பெற்றபின் மல்வேர்ன் வீட்டில் கம்பியூட்டரில் விமானம் ஓட்டி விளையாடுவதுதான் என் பொழுதுபோக்கு. விமானம் திக்கித் திக்கிப் பறந்ததால், படம் வரையும் கிராபிக்ஸ் கார்ட் புதிதாக வேண்டும் என்று மருமகனிடம் பிடிவாதம் பிடித்தேன்.

"முதல்ல கணக்குப் போடுற புறொசெசரை மாத்துவம், மாமா" என்றார். நான் கேட்கவில்லை. கார்ட்டையே வாங்கிப் பூட்டினார். அப்போதும் விமானம் நிமிடத்துக்குப் பதினெட்டு முறை நின்றது. பழுதான கார்ட்டை என் தலையில் கட்டிவிட்டார் என்று ஆறு வீடுகளில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் முகம் சுளிக்காமல், திரையில் தெரியும் படத்தின் நுணுக்கத்தைப் பாதியாகக் குறைத்தார்.

"இப்ப கார்ட்டுக்கு வேலை குறைவு. அதில பிழையெண்டா விமானம் இனி நிக்காமல் ஓடவேணும். நீங்களே எண்ணுங்கோ."

எண்ணினேன். அதே பதினெட்டு.

"கார்ட் நல்லது, மாமா. பழைய புறொசெசர் கணக்கை முடிக்குமட்டும் அது சும்மா காத்துக்கொண்டு நிக்குது."

என்ன அழகான சோதனை! ஓர் ஆணியைக்கூட அவர் கழற்றவில்லை. 'அப்பவே சொன்னனான்' என்றும் சொல்லவில்லை.

"ஆறு வீட்டில உம்மைப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

"ஏழு, மாமா" என்று சிரித்தார். "உங்கட மகளிட்டச் சொன்னதை விட்டிட்டியள்."

எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு, அதைக் கேட்டபிறகும் எனக்கு உதவ அவர் எத்தனை முறை என் வீட்டுக்கு வந்துபோனார் என்று எண்ணத் தோன்றவில்லை.