தண்ணி போவல

மருத்துவமனைத் தாளில் 120/80 என்று கண்டால் நான் முதலில் நோயாளியின் சட்டைக் கையைத்தான் பார்ப்பேன். முப்பது வருடம் அரசு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட வியாதி. கும்மிடிப்பூண்டியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், என் தம்பியின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துண்டால் கட்டியிருந்தார்கள். முழுக்கைச் சட்டை. பட்டன்கூட அவிழ்க்கவில்லை. தாளில் மட்டும் ரத்த அழுத்தம் 120/80 என்று அழகாக உட்கார்ந்திருந்தது.

தம்பிக்குத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. இருபது வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு ஷிஃப்டும் தவறியதில்லை. போன வாரம்தான் கை நடுக்கத்துக்கென்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து ஒரே கூச்சல்: "தண்ணி போவல! தண்ணி போவல!"

"ஊட்டுக்குப் பின்னாடி சாக்கடை அடைச்சிக்கினு கீதுன்னு நெனச்சி ரெண்டு வாட்டி கம்பி வுட்டுக் குத்திட்டேன் மாமா" என்றாள் அவன் மனைவி. "தண்ணி நல்லாத்தான் போவுது. இவருதான் கேக்க மாட்றாரு."

'தண்ணி' காதில் விழுந்ததும் டூட்டி டாக்டர் நிமிர்ந்தார். சின்னப் பெண்.

"தண்ணி அடிப்பாரா?"

"ஐயோ மேடம், அவரு டீ கூடக் குடிக்க மாட்டாரு."

மதுப் பழக்கம் இல்லை என்று எழுதிவிட்டு, அதன் கீழே 'தண்ணீர் பற்றிய பிரமை' என்று சேர்த்தார். சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது.

நடைமுறை எனக்குத் தெரியும். மனநோயாளியை அனுப்புவதற்கு முன் நாடி, காய்ச்சல், சர்க்கரை, வயிறு என்று எல்லாம் பார்க்க வேண்டும். உடம்பில் ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் பழியை மனசின் மேல் போடலாம். தாளிலோ எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே வேகத்தில் டிக். அப்படியே அங்கே போய்ச் சேர்ந்தால், 'உடம்பில் கோளாறு இல்லை' என்ற இந்த வரியைத்தான் அவர்களும் நம்புவார்கள்.

"பிபி எந்தக் கையில பாத்தீங்க டாக்டர்?"

"பேஷண்ட் கோஆபரேட் பண்ணல சார்."

"கோஆபரேட் பண்ணாமலே 120/80ஆ? எனக்கே அவ்வளவு நல்லா வர்றதில்லையே."

அவர் முகம் சிவந்தது. "மனநோய்னு ஃபைல் குடுத்ததே நீங்கதான சார்?"

உண்மைதான். வாசலில் யாரும் எதுவும் கேட்கும் முன்பே, தேதி வாரியாகக் கோத்த அவனுடைய பழைய சிகிச்சை ஃபைலை நீட்டியவன் நான்தான்.

ஆம்புலன்ஸுக்கு மாற்றுவதற்காகக் கட்டை அவிழ்க்க வந்தாள் எளாவூர்க்கார ஆயா ஒருத்தி. குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, ஒண்ணுக்குப் போனியா?"

கூச்சல் சட்டென்று நின்றது.

"நேத்து காலையிலேர்ந்து போவலம்மா. அதத்தான சொல்லிக்கினே கீறேன்."

ஆயா அவன் சட்டையைத் தூக்கினாள். அடிவயிறு புடைத்திருந்தது. "மேடம், பானையாட்டம் கீது. வந்து பாருங்க."

டாக்டர் ஓடிவந்து அழுத்திப் பார்த்தார். அதற்குமேல் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குழாய் போட்டதும் பை நிறைந்தது. மாற்றிய பையும் பாதிக்கு வந்தது. சிறுநீரை அடைத்தது அந்த வெள்ளை மாத்திரையாகத்தான் இருக்கும் என்றார். நிறுத்தச் சொன்னார். இந்த முறை பட்டனை அவிழ்த்து, பட்டையைச் சுற்றி அளந்தார்: 170/100. ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பிப் போனது.

தம்பி கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். "சாக்கடையக் குத்துனியாமே?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"டாக்டர அவ்ளோ கேள்வி கேட்டியேண்ணா. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அடித்துத் திருத்திய தாளை எடுத்துப் பார்த்தேன். பழைய பிபி போயிருந்தது, பிரமை போயிருந்தது. மேலே ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது: 'தகவல் அளித்தவர்: அண்ணன். நம்பகமானவர்.' காலையிலிருந்து அந்தத் தாளில் நான் சந்தேகப்படாத வரி அது ஒன்றுதான்.