இருபது கிலோமீட்டர் பலகையும் என் சிவப்புக் கொடியும்

நெடுஞ்சாலைத் துறையில் கூலிக்காரனாகச் சேர்ந்தவனுக்கு மண்வெட்டி, தார்ச்சட்டி, கொடி என்று மூன்றையும் கொடுப்பார்கள். இதில் எமன் நம்மைத் தேடி வருவது கொடி பிடித்து நிற்கும்போதுதான்.

ரோட்டோரம் நின்று கையைக் காட்டி, நிற்காமல் போன வண்டியின் புழுதியைத் தின்றவர் யாராக இருந்தாலும் சரி, நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். நான் சொல்லப் போவதை நீங்கள் நம்புவீர்கள். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பல சமயம் நம்பிக்கை வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சேலம் மெயின் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரத்தை அறுத்து அப்புறப்படுத்திவிடலாம். ஆனால் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு சிறுபாலமும் உடைந்து போயிருந்தது. அதைக் கட்டி முடிக்கும்வரை எல்லா வண்டிகளையும் கச்சிராயபாளையம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த வழியில் இருக்கிறது வேலந்தாங்கல். அதுவரை மாட்டு வண்டியும் ஒரு டவுன் பஸ்ஸும் போய்வந்த ரோடு. ஒரு பக்கம் ரோட்டை ஒட்டிக் கூரை வீடுகள், எதிர்ப்பக்கம் குடிதண்ணீர்க் கிணறு. ஊருக்குள் வேகம் இருபதுக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. ஊரின் ஒரு முனையில் நான், மறு முனையில் குப்பம்மா. எங்கள் கேங்கில் தார்ச்சட்டி தூக்கும் பெண்களில் மூத்தது அது. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடும்.

முதல் வண்டி

பலகையை நாங்கள் நட்டபோது எங்கள் அதிகாரி ஜீப்பில் வந்து பக்கத்திலேயே நின்றார். சாய்ந்திருக்கிறது என்று இரண்டு தடவை பிடுங்கி நடச் சொன்னார். கடைசியில் திருப்தியாகி, "எந்த வண்டியா இருந்தாலும் விடாதே. மந்திரி வந்தாலும் மெதுவாத்தான் போகணும்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மந்திரியையே நிறுத்தும் அதிகாரம் அதுவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஜீப் கிளம்பியது. கிளம்பியது என்பது சரியில்லை, பாய்ந்தது. கிணற்றடியிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், குடங்களைப் போட்டுவிட்டு வேலியில் போய் விழுந்தாள். மண்குடம் ரோட்டில் சிதறியது. நான் கொடியை வீசிக்கொண்டே பின்னால் ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு முழங்கையெல்லாம் முள். ஜீப் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ், போர்டு பப்ளிக்குக்குய்யா! நாம டிபார்ட்மெண்ட்டு!"

கொடியைக் கண்டால் மிதி

கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் எனக்குக் கிலி கொடுத்தது. தூரத்தில் சாதாரணமாக வருகிற லாரிகூட, என் கொடியைப் பார்த்ததும் இரைந்துகொண்டு வந்தது. நான் எவ்வளவு வேகமாக ஆட்டுகிறேனோ, அவ்வளவு வேகமாக வந்தது. கொடியைத் தப்பாக ஆட்டுகிறேனோ என்று சந்தேகப்பட்டு, குப்பம்மாவிடம் போய்க் கேட்டேன். "எனக்கும் அப்பிடித்தான் தம்பி வரானுங்க. கொடிய மடிச்சு வெச்சா கொஞ்சம் மெதுவாப் போறானுங்க" என்றது.

ஒருநாள் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நேராக என்மேலேயே வந்தது. வாய்க்காலில் குதித்துத்தான் உயிர் பிழைத்தேன். சேறும் சகதியுமாக எழுந்து பார்த்தால், ஊருக்கு வெளியே டீக்கடையில் அதே லாரி நிற்கிறது. அடிப்பதற்கென்றே போனேன். டிரைவர் டீயைக் குடிக்காமல் ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அவர்தான் பயந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. நான் யார் என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சுக்கோங்கண்ணே. போன வாரம் கொடியப் பாத்து மரியாதையா நிறுத்துனேன், போராட்டக்காரனுங்க கல்லால அடிச்சுக் கண்ணாடியெல்லாம் ஒடச்சுட்டானுங்க. இப்பல்லாம் கொடியக் கண்டா காலு தானா மிதிக்குது!"

ஏணை

கரும்பு லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி இருக்கும் அகலத்துக்கு ஒன்றரை மடங்கு கரும்பு இருக்கும். கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகிற ஒரு லாரி அன்று எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியது. மெதுவாக வந்திருந்தால் நின்று ஒதுங்கியிருக்கலாம். அது வேகம் குறையாமலே ஒதுங்கியது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கரும்பு அஞ்சலை வீட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியது. படபடவென்று ஒரு சத்தம். மூங்கில், பனையோலை, கயிறு எல்லாமாகப் பாதிக் கூரை லாரியோடு போய்விட்டது. போகிற கூரையின் மூங்கிலில் பிள்ளையைத் தூங்கவைக்கும் ஏணைத் துணி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போனது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியும்.

லாரியைத் துரத்துவதா, வீட்டுக்குள் ஓடுவதா? கால் இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் வீட்டுக்குள் ஓடினேன். சுவர் நான்கும் நிற்கிறது, மேலே வானம். அடுப்படி மூலையில், தலையெல்லாம் ஓலைத் தூசியோடு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. "இப்பத்தாண்ணே அழுவுதேன்னு எறக்குனேன்" என்றாள்.

லாரிக்காரன் ஊர்க்கோடியில் தான் இழுத்துக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு நடந்து வந்தான். ஊரே அவன் சட்டையைப் பிடிக்கத் தயாராக நின்றது. அவன் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. அஞ்சலைதான் பேசினாள்:

"அந்த ஏணத் துணிய மட்டும் அவுத்துக்கினு வந்து குடுங்க. புள்ள தூங்கற நேரம்."

எந்தக் கட்சி?

போலீஸ் வேன் ஒன்று ஊருக்குள் கண்மண் தெரியாமல் வந்தது. அதிகாரி கொடுத்த உத்தரவு ஞாபகத்தில் இருந்ததால் கொடியைக் காட்டினேன். வேன் என்னைத் தாண்டிப் போய், கிறீச்சென்று நின்று, பின்னாலேயே வந்தது. நாலு பேர் குதித்தார்கள். ஒருவர் கொடியைப் பிடுங்கினார், ஒருவர் என் பிடரியைப் பிடித்தார். "எந்தக் கட்சிடா?" என்றார்கள். "கட்சியில்லீங்க, ஹைவேஸ்" என்றேன். "புதுசா இருக்கே" என்று வேனில் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்கென்று காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு வெறும் பனியனோடு நின்றிருந்தேன். போர்டைக் காட்டினேன். அதையும் நான் எங்கேயோ பிடுங்கி வந்து நட்டதாகச் சொன்னார்கள்.

எங்கள் மேஸ்திரி கோவிந்தன் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனுக்கு வந்து நின்று, இவன் எங்கள் ஆள், இவன் ஆட்டியது சர்க்கார் கொடி என்று சொல்லிச் சொல்லி மீட்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. வேனில் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த இரண்டு பேர், நான் நிஜமான போராட்டக்காரன் என்று நினைத்து எனக்குப் பாதி பன் கொடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கொடியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அறிவுரையும் சொன்னார்:

"உன் டூட்டிய நீ பாரு, நான் வேணாங்கல. ஆனா போலீஸ் வண்டி வந்தா மட்டும் கொடிய முதுகுக்குப் பின்னால வெச்சுக்கோ."

மலையிலிருந்து வந்த ஜீப்

ஒரே ஒரு வண்டி பலகையைப் பார்த்து வேகம் குறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. மலைமேல் இருக்கிற கரியாலூர்ப் பக்கமிருந்து வந்த பழைய ஜீப். ஊர் எல்லையில் மெதுவாகி, மாடு நடக்கிற மாதிரி வந்தது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நாலைந்து வண்டிகள். நான் சந்தோஷத்தில் சல்யூட் வைக்கப் போனேன். பக்கத்தில் வந்ததும் பின்னாலிருந்து ஒரு முனகல். எட்டிப் பார்த்தால், சாக்கு விரித்துப் படுக்க வைத்த மலைக்காரப் பெண்ணுக்குப் பிரசவ வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் மாமியார் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தது.

எனக்குப் பதறிவிட்டது. "யோவ், நீ ஏன்யா மெதுவாப் போற? போர்டெல்லாம் பாக்காத, போ, போ!" என்று கத்தினேன். வேகத்தைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். டிரைவர் அசையவில்லை. லாரிகள் கிழித்துப் போட்டிருந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளமாக இறக்கி ஏற்றினார். அப்புறம் நானும் குப்பம்மாவும் ஜீப்புக்கு முன்னால் ஓடி, எதிரே வந்த வண்டிகளையெல்லாம் ஓரங்கட்ட வைத்தோம். குப்பம்மா ஒரு பஸ்ஸின் முன்னால் கையை விரித்துக்கொண்டே நின்றுவிட்டது. ஊரைத் தாண்டும்போது அந்த டிரைவர் என்னிடம் சொன்னார்:

"மலையில வேகமாத்தாங்க எறங்குனேன், ரெண்டு தடவ அது மயங்கிடுச்சு. மெதுவாப் போனாத்தாங்க ரெண்டு உசுரும் ஆஸ்பத்திரியப் பாக்கும்."

கல்யாண வேன்

கடைசியில் அது நடந்தது. நடக்கும் என்று தெரிந்தும் நடந்தபோது நம்ப முடியவில்லை. நல்ல காலை வெயில். திருக்கோவிலூரில் முகூர்த்தம், பெண்ணை அழைத்துக்கொண்டு சின்னசேலத்திலிருந்து ஒரு வேன். குப்பம்மா நின்ற முனையில் நுழைந்தது. குப்பம்மா கொடியை ஆட்டியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். கொடி மேலே பறந்தது. குப்பம்மாவைக் காணவில்லை.

ஓடிப் போனால் ரோட்டோரம் கிடக்கிறது. கால், முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. ரத்தம் மண்ணில் ஓடுகிறது. வேன் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தான். "வண்டில ஏத்துங்க, ஆஸ்பத்திரி உங்க வழியிலதான்" என்று கும்பிட்டேன். முன் சீட்டிலிருந்த பெண்ணின் பெரியப்பா சாதாரணமான குரலில்தான் பேசினார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதாம். ரத்தக் கறையோடு கல்யாண வண்டி மண்டபத்து வாசலில் போய் நிற்கக் கூடாதாம். வேறு வண்டி வரும், ஏற்றி விடுங்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் மாதிரியும் தெரியவில்லை. நெற்றி நிறைய விபூதி.

அதற்குள் பின் கதவு திறந்தது. மாலையும் பட்டுப்புடவையுமாக அந்தப் பெண் இறங்கியது. குப்பம்மாவின் காலைப் பார்த்து ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டது. மாலையைக் கழற்றி யார் கையிலோ கொடுத்தது. "பெரீப்பா, எறங்குங்க. அவங்கள அங்கதான் படுக்க வெக்கணும்" என்றது. அவர் சகுனம் என்று தொடங்கினார். "எனக்கு அடிபட்டிருந்தா சகுனம் பாப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குப்பம்மாவின் தோளுக்குக் கீழே கை கொடுத்துவிட்டது. அப்புறம் எல்லாரும் தூக்கினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் அந்தப் பெண் குப்பம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தது. முகூர்த்தம் தப்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தாலும் அன்றைக்கே அடுத்த நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கால் பிழைத்தது. ஆனால் பழைய மாதிரி இல்லை, குப்பம்மா இழுத்து இழுத்துத்தான் நடந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது வேன் டிரைவர் சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதான். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. போர்டுல இன்னா போட்டிருக்குன்னு தெரியாமப் போச்சு" என்றான். குப்பம்மா கோபப்படவில்லை. அவனைத் தலை நிமிரச் சொல்லிவிட்டுக் கேட்டது:

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது. நான் நடுரோட்டுல நின்னுக்கினு இருந்தேனே, அதக்கூடவா படிக்கத் தெரியல?"

பாலம் கட்டி முடித்து, மெயின் ரோட்டைத் திறந்து, பலகையைப் பிடுங்கிக்கொண்டு நாங்கள் கிளம்புவதற்குள் லாரிகள் ஓடி ஓடி வேலந்தாங்கல் ரோடே சல்லடையாகிவிட்டது. அரசாங்கத்தின் உத்தரவுக்கும் எங்கள் கொடிக்கும் அடங்காத அத்தனை வண்டிகளும் அந்தக் குழிகளுக்கு மட்டும் பயபக்தியோடு பத்து கிலோமீட்டரில் போயின.