அவள் மிதித்த பிரேக்

காரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என் மனைவி சும்மா வர மாட்டாள். எதிரில் ஒரு லாரி தெரிந்தால் போதும், வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்துவாள். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. ரப்பர் மிதியடிதான். அவள் கால் படுகிற இடத்தில் அது தேய்ந்து வெளுத்துப் போயிருக்கும்.

"நீ மிதிச்சா நிக்காது" என்று ஒருதரம் சொன்னேன்.

"நீங்க மிதிச்சா நிக்குமான்னு தெரியலயே. அதுக்குத்தான்" என்றாள்.

அப்புறம் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு நாள் முன் சக்கரத்தில் சத்தம் வந்தது. பிரேக்கைத் தொட்டால் தகரத்தில் ஆணியை வைத்து இழுக்கிற மாதிரி கத்தும். கடைத்தெருவில் நிறுத்தினால் டீ குடிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் முன் சீட்டை விட்டுப் பின் சீட்டுக்குப் போனாள். பிறகு காரிலேயே ஏறவில்லை. காய்கறி வாங்க மதுரைக்கு பஸ்ஸில் போய் வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டியில் அவள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. பிறந்த வீட்டுச் சனம் அம்புட்டும் வரும். கார் வாங்கியதிலிருந்து அந்த ஊருக்கு நாங்கள் காரில் போனதில்லை. கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு தடங்கல். அந்த வாசலில் காரை விட்டு இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை உண்டு. வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பீரோவிலிருந்து எடுத்து வெளியே போட்டிருந்தது பஸ்ஸில் போகிறவள் கட்டுகிற சேலை இல்லை.

சர்வீஸ் செய்கிற இடத்தில் அடுத்த வாரம் கொண்டு வரச் சொன்னார்கள். நான் டவுனுக்குப் போய் முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேடு வாங்கி வந்தேன். லோடு ஆட்டோ ஓட்டிய காலத்தில் இதெல்லாம் நானே செய்ததுதான். சனிக்கிழமை காலையில் வாசலில் ஜாக்கியை எடுத்து வைத்தேன்.

"நீங்களா மாத்தப் போறீங்க?" என்றாள்.

"ஆமா."

"நீங்க சரி பண்ணின கிரைண்டர் இன்னும் பரண்லதான் கெடக்கு."

"அது கிரைண்டர்."

"அது ஓடல. இது நிக்கணும். நான் பஸ்லயே போறேன்."

அவள் தம்பி வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தான். ஞாயிறு எங்களோடு சேர்ந்து போவதாகப் பேச்சு. நல்ல பையன். கை வேகம், வாய் அதைவிட வேகம். "அக்கா, நான் கூட இருக்கேன்ல" என்றான். "அதான் இன்னும் பயமா இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் தெரு நாகமலைப் பக்கமிருந்து கீழே சரிந்து வரும். வண்டி உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு வட்டத் தட்டு இருக்கும், டிஸ்க்கு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பேடு. எங்கள் பேடு பிஸ்கட் கனம்கூட இல்லை. ஓரத்தில் இருந்த தகர நாக்கு டிஸ்க்கில் உரசித்தான் கத்தியிருக்கிறது. தேய்ந்துவிட்டது என்று ஆளைக் கூப்பிட அதை வைத்திருக்கிறார்கள்.

புது பேடு கனமாக இருக்கும். அது நுழைய வேண்டுமானால் அதைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே அமுக்க வேண்டும். கிளாம்பு வைத்து மெதுவாகத் திருகினேன். இறங்கியது. பழசைக் கழற்றி, துரு தட்டி, புதுசை வைத்து முடுக்கினேன். மறுபக்கச் சக்கரத்துக்கும் அப்படியே. மச்சினன் சக்கரத்தை மாட்டிக்கொண்டே பேசினான்.

"மச்சான், இம்புட்டு வேலைக்கா ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாய்ங்க?"

"போல்ட்ட முடுக்கு."

உள்ளே அமுக்கிய பிஸ்டன் திரும்பி வெளியே வந்து பேடைத் தொட வேண்டும். அதற்கு பிரேக்கை விட்டு விட்டுப் பல தடவை மிதிக்க வேண்டும். அதற்கு முன் வண்டியை எடுக்கக் கூடாது. கையெல்லாம் கிரீஸ். கழுவிவிட்டு வந்து மிதிக்கலாம் என்று குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள். கார் மூஞ்சிக்குச் சந்தனம், குங்குமம். தட்டில் சூடம். மச்சினன் கல்லை எடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் இருந்தான்.

"வெரசா ஏறுங்க. எமகண்டம் வரப் போகுது" என்றாள். வர மாட்டேன் என்றவள்தான்.

அந்த சந்தோஷத்தில் நானும் ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் சூடத்தைச் சுற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற கார். பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் அமுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தான். கியரைப் போட்டான். ஹேண்ட் பிரேக்கும் பட்டன்தான், அதை எடுத்துவிட்டான்.

"மச்சான், புது பேடு புது பேடுதான். பிரேக்கு வெண்ணெயா எறங்குது."

இன்னும் மிதித்து ஏற்றவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெண்ணெயாக இறங்கக் கூடாது.

அதற்குள் பழம் நசுங்கி கார் சரிவில் இறங்கிவிட்டது. அவன் மிதித்தான். நிற்கவில்லை. பதற்றத்தில் காலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். எதிரே பக்கத்து வீட்டுச் சிமெண்டுத் தொட்டி. நான் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக் பட்டனை இழுத்துப் பிடித்தேன். அது பின் சக்கரத்தைப் பிடிக்கும். அதில் நாங்கள் கை வைக்கவில்லை. முனகிக்கொண்டு கார் நின்றது. தொட்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது.

அவள் தட்டோடு ஓடி வந்தாள். சூடம் அணையவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு ரவுண்டு" என்றான் மச்சினன். முகம் வெளுத்திருந்தது.

மறைத்தால் அவள் இனி இந்தக் காரில் ஏற மாட்டாள். சொன்னாலும் ஏற மாட்டாள் என்றுதான் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"பிரேக் பிடிக்கல. பேடு மாத்துனா விட்டு விட்டு மிதிச்சு ஏத்தணும். ஏத்தறதுக்குள்ள எடுத்தாச்சு."

அவள் என்னையும் அவனையும் பார்த்தாள். தட்டைத் தொட்டி மேல் வைத்தாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

நான் கல்லை எடுத்து சக்கரத்துக்குக் கொடுத்தேன். இன்ஜினை அணைத்தேன். அவனை இறக்கிவிட்டு டிரைவர் கதவைத் திறந்து பிடித்தேன்.

"ஒக்காரு. நீயே மிதி."

"எனக்கு என்ன தெரியும்?"

"தினம் மிதிக்கிறவதான."

மச்சினன் சிரித்தான். அவள் அவனை முறைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மிதித்தாள். "தரை வரைக்கும் போகுது" என்றாள்.

"விட்டுட்டு மறுபடி மிதி."

மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். தோசைக்கு மாவு பதம் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மிதித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"எறங்க மாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு."

"அம்புட்டுதான். இனி பிடிக்கும்."

இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். நான் கேட்காமலே.

பிரேக் ஆயிலின் அளவைப் பார்த்துவிட்டு, நான் மட்டும் வண்டியை எடுத்து மெதுவாகப் போய், நிறுத்தி, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தி, திரும்பி வந்தேன். சத்தம் இல்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி ஓரமாகப் போட்டிருந்தாள்.

ஞாயிறு காலையில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மச்சினன் முன் கதவைத் திறக்கப் போனான்.

"நீ பின்னால ஏறு" என்றாள்.

திருமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு திறந்துவிடும். வெயில் ஏறவில்லை. வளைவில் ஒரு ஆட்டுக் கூட்டம் ரோட்டுக்கு வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் சத்தமில்லாமல் நின்றது. ஆடுகள் போகட்டும் என்று காத்திருந்தோம். பழக்க தோஷத்தில் அவள் காலைப் பார்த்தேன்.

மிதியடியில் அவள் செருப்பு மட்டும்தான் கிடந்தது. இரண்டு காலையும் சீட்டில் மேலே தூக்கிச் சம்மணம் போட்டிருந்தாள். மடியில் இருந்த பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? ஆடு போயிருச்சு" என்றாள்.

வண்டியை எடுத்தேன்.