மஞ்சள் பூசிய ஆறு வாசல்கள்

போஹின் ஏரிக்குப் பஸ் ஓட்டும் ராதோவிடம் டிக்கெட் வாங்கும்போதே பாதிப் பேர் தேனீச் சந்தேகம் கேட்பார்கள். வீட்டுக்கு வீடு தேனீ வளர்க்கும் எங்கள் ஸ்லோவேனியாவில் இது புதிதில்லை. ஆனால் இவன் பதிலைச் சொல்லி முடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்காரி நான், பாவ்லா; இவன் புண்ணியத்தில் எத்தனையோ நாள் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

அவன் தோட்டத்து மூலையில் மரத்தாலான தேனீ வீடு. அதன் சுவரில் ஆறு பெட்டிகள். தேனீக்களுக்கு வெளிப்பக்கம் வாசல், நமக்கு உள்பக்கம் கதவு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிறம். நீல வாசலில் இருந்தது அவன் மனைவி சிரிலாவின் அப்பா வளர்த்த வம்சம். வாசல்களுக்கு நிறம் அடித்தவரும் அவர்தான். அவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அதுதான். ஆனாலும் தேனீ என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பாள்.

ஜூனில் ஒருநாள் ராதோ என்னைக் கூப்பிட்டான். நீலப் பெட்டியில் கிழட்டு ராணி போய்ப் புதிய ராணி பிறந்து, இணை சேர வெளியே பறக்கும் பருவம். கதவைத் திறந்தால் பெட்டி முனகியது. ராணி இல்லாத பெட்டி அப்படித்தான் முனகும். அடைகளில் ஒரு முட்டைகூட இல்லை. நோயா, குளவியா, எறும்பா என்று துருவித் துருவிப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வந்து பார்த்தால் ஆறு வாசலும் பளபளவென்று ஒரே மஞ்சள்.

"இது யாரு வேலை?"

"சிரிலாதான். நான் டூர் வண்டி ஓட்டப் போயிருந்தேன்ல, அப்ப. விடியக்காலைக் குளிர்ல, தேனீ வெளிய வர்றதுக்கு முன்னாடி வந்து பூசியிருக்கா. என் அறுபதாவது பிறந்தநாளுக்காம்."

எனக்கு விளங்கிவிட்டது. நீல வாசலைப் பார்த்து வழி பழகிய ராணி, திரும்பும்போது நீலத்தைக் காணாமல் பக்கத்துப் பெட்டியில் நுழைந்திருக்கும். அங்குள்ள தேனீக்கள் அதைக் கொன்றிருக்கும் என்றேன்.

"வாயைத் திறந்துடாத, பாவ்லா. அப்பா வம்சம் தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. தகைவிலான் குருவி ராணியைத் தின்னுடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அன்று பூட்டினேன். போன வருடம் நீலப் பெட்டியிலிருந்து பிரிந்த கூட்டம் என்னிடம் இருந்தது. அதிலிருந்து முட்டையுள்ள ஓர் அடையைக் கொண்டுவந்து வைத்தேன். தேனீக்கள் அதில் புது ராணியை வளர்த்துக்கொள்ளும், வம்சம் தப்பும். ஆனால் அந்த ராணியும் ஒருநாள் வெளியே பறக்க வேண்டுமே. மஞ்சளை மாற்றினால் சிரிலா ஏன் என்று கேட்பாள். மாற்றாவிட்டால் இதுவும் தொலையும்.

ராணி பிறந்த பிறகும் முடிவு செய்யாமல் தேனீ வீட்டு முன்னால் நின்று குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். பின்னால் சிரிலாவின் குரல் கேட்டது.

"அந்தக் குருவி பத்து வருஷமா நம்ம கூரையிலதான் குடியிருக்கு. இந்த வருஷம் மட்டும் எப்படி ராணி ருசி கண்டுச்சு?"

ராதோ தரையைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்கப்பா ஏன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் அடிச்சார்னு நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தான் உறைச்சுது," என்றாள். "நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே."

இடுப்பில் கட்டியிருந்த நீல ஏப்ரனை அவிழ்த்து, தானே போய் அந்த வாசலுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். முகத்தருகே தேனீக்கள் பறந்தன. அதுவரை அவளைத் தொடைநடுங்கி என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவள் நான்; எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூலையில் ராதோ கதவைத் திறந்து ஓர் அடையை உருவினான். முனகல் இல்லை. கண்ணாடியைப் பஸ்ஸிலேயே விட்டு வந்தவனுக்கு முட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. என் கண்ணும் அப்படி ஒன்றும் கூர்மையில்லை. அடையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னலில் நின்றிருந்த சிரிலா பொறுக்காமல் இறங்கி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினாள். அவள் மணிக்கட்டில் ஒரு தேனீ ஊர்ந்தது. அதை அவள் தட்டிவிடவில்லை.

"குழிக்குக் குழி நொய்யரிசி மாதிரி வெள்ளையா நிக்குதே," என்றாள். "இதையா தேடறீங்க?"